வெலிச்கா வாங்கிய ஒன்றரை டிகிரி

எங்கள் படிக்கட்டில் அந்தக் குளிர்காலம் சுற்றிக்கொண்டிருந்த வதந்தி இது: மூன்றாம் மாடி வெலிச்கா ஏழு வருடமாக வீட்டில் ஒரு ஹீட்டரைக்கூடத் திறந்ததில்லை; ஆனாலும் ஜனவரி மாதத்தில் அரைக்கைச் சட்டையோடு நடமாடுகிறாள்.

ஆறு மாடி, பதினெட்டு வீடு, ஒரே படிக்கட்டு. லிஃப்ட் பழுது. வதந்தியும் எங்களைப் போல நடந்துதான் ஏற வேண்டும், நடந்துதான் இறங்க வேண்டும். மாடிக்கு மாடி மூச்சு வாங்க நின்றதில் கொஞ்சம் சதை போட்டுவிட்டது. அவள் ஜன்னலில் ஜெரேனியம் பூத்திருப்பதைக் கண்ணால் கண்டதாகத் தபால்காரி சொன்னாள். முதல் மாடி அஸ்பாரூ, குடியிருப்போர் கூட்டம் போட்டு விளக்குக்கும் துடைப்பத்துக்கும் காசு வசூலிக்கிறவர், குழாயில் அவள் ரகசியத் துளை போட்டிருப்பதாகச் சொன்னார். இரண்டாம் மாடி கிரோ சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுருக்கமாகப் பேசுவார்.

"திருடறா."

"எதைண்ணே?"

"என் சூட்டை."

எங்கள் ஊரான பெர்னிக்கில் வீடு சூடாவது ஊருக்குப் பொதுவான கொதிகலனால். சுடுநீர் குழாயில் வந்து ஒவ்வொரு வீட்டு ஹீட்டருக்குள்ளும் ஓடும். ஹீட்டரின் மார்பில் ஒட்டிய சின்னப் பெட்டி எவ்வளவு சூடு வாங்கினோம் என்று குறித்துக்கொள்ளும். பிடிக்காதவர் மூடி வைக்கலாம். ஆனால் சூட்டுக்கு யார் பணம் கட்டினார் என்பது தெரியாது. கிரோ காசு கொடுத்து வாங்கிய சூடு அவர் கூரையைத் தாண்டி வெலிச்காவின் தரைக்குப் போய்விடுகிறது. அவர் கோபம் அதுதான்.

நான் உள்ளூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறவன். ஜனவரியில் விஷயப் பஞ்சம். ஆறாம் மாடியிலிருந்து இறங்கி, உப்பு கேட்கிற சாக்கில் அவள் கதவைத் தட்டினேன்.

"உப்பு வேணுமா, இல்ல பையில நீட்டிக்கிட்டு இருக்கிற தெர்மாமீட்டரத் தொங்கவிட இடம் வேணுமா?" என்றாள் வெலிச்கா. "உள்ள வா தம்பி. இங்க ஏற்கெனவே ஒண்ணு தொங்குது. பதினேழரை."

அரைக்கைச் சட்டை உண்மைதான். அதற்குள்ளே இரண்டு முழுக்கைக் கம்பளி இருந்ததை வதந்தி கவனிக்கவில்லை. ஜெரேனியம் பிளாஸ்டிக். குழாயில் துளை ஏதும் இல்லை. வடக்குச் சுவரை மறைத்து ஒரு பழைய அலமாரி நின்றது. அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே பத்திரிகைக் கட்டுகளைத் திணித்திருந்தாள். என் பக்கம் மேலாக இருந்தது. நான் எழுதியது எதையாவது தடுத்து நிறுத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுப்பில் பாத்திரம் இல்லை, ஆனால் பீன்ஸ் வாசனை வந்தது.

"மெத்தைல இருக்கு," என்றாள். பீன்ஸை இருபது நிமிடம் கொதிக்க விட்டு, மூடி, துண்டு சுற்றி, போர்வைக்கடியில் வைத்துவிடுவாளாம். சாயங்காலத்துக்குள் பீன்ஸும் வெந்துவிடும், படுக்கையும் சூடாகிவிடும். "ஒரே மின்சாரத்துல ரெண்டு வேலை. மூணாவது வேலை ஏதாவது தோணுச்சுன்னா சொல்லு."

"அக்கா, கிரோ அண்ணன் சொல்றது..."

"திருடறேன்னு சொல்றாரா? கைய வை." சமையலறைத் தரையைக் காட்டினாள். வைத்தேன். எனக்குத் தரை தரையாகத்தான் இருந்தது. அவள் குனிந்து உள்ளங்கையைப் பதித்தாள். "எழுந்துட்டாரு. சூப்பு வைக்கிறாரு. பெரிய பாத்திரம், அப்ப நாளைக்கும் சேத்துத்தான்."

கண்ணாடித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் அவளுக்கு அந்த வேலைதான். கண்ணாடித் தகடுகளின் மேல் உள்ளங்கையை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத அலையையும் புள்ளியையும் பிடிக்க வேண்டும். ஆலை மூடிவிட்டது, கை மூடவில்லை. காலையில் கிரோவின் சமையலுக்கு மேலே உட்காருவாள். மத்தியானம் தெற்கு ஜன்னல். ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு தெசிஸ்லாவா கைக்குழந்தையைக் குளிப்பாட்ட அறையைச் சூடாக்குவாள். அப்போது நாற்காலி அந்தச் சுவருக்கு நகரும். நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டியிருந்தாள், தினமும் மூன்று ஊர் போய் வருகிறதல்லவா.

"ஒரு ஹீட்டர், ஒரே ஒரு ஹீட்டர் திறந்தா என்ன அக்கா?"

அவள் சிரிக்கவில்லை. ஓய்வூதியம் முந்நூற்றுப் பன்னிரண்டு லெவா. இந்தப் படிக்கட்டைச் சனிக்கிழமைதோறும் துடைப்பதற்கு அஸ்பாரூ தரும் நாற்பது. மூடிய ஹீட்டருக்கும் பொதுக் குழாய்ப் பங்கு என்று பதினாறு லெவா கட்டுகிறாள். அதை யாரும் வதந்தியில் சேர்க்கவில்லை.

"இரத்த அழுத்த மாத்திரைக்கு அம்பத்தெட்டு. ஹீட்டர் ஒண்ணு திறந்தா அறுபது. ரெண்டுல ஒண்ணுதான் முடியும். ஹீட்டர முழுங்க முடியாதுல்ல?"

நான் உப்போடு மேலே வந்து எழுதினேன். பெயர் போடவில்லை, 'நம்மூரில் ஒரு பெண்மணி' என்றுதான் ஆரம்பித்தேன். மாத்திரையைப் பற்றி எழுதவில்லை, அது சிரிப்பைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு எழுகிறார், எவ்வளவு சூப்பு வைக்கிறார் என்பதையெல்லாம் தரையே சொல்லிவிடுகிறது என்று எழுதினேன். எங்கள் ஊரில் பெயர் போடாமல் எழுதுவது, வீட்டு எண்ணையும் சேர்த்துப் போடுவதற்குச் சமம்.

மறுநாளே படிக்கட்டில் கூட்டம். கிரோ கையில் பத்திரிகை.

"நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கிறேன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"மத்தியானம் தூங்குறீங்கன்னு நான் சொல்லவே இல்லையே அண்ணே," என்றாள் வெலிச்கா.

"இப்ப சொல்லிட்டியே."

"கப்ரோவோ ஊர்க் கஞ்சனுங்கல்லாம் உன்கிட்ட பாடம் படிக்க வரணும்மா," என்றார் அஸ்பாரூ. "ஏழு வருசச் சூட்டுக்கு ஏதாவது ஒரு தொகை பேசி முடிப்போமா?"

"பேசலாம். என் சூட்டை மேல நாலாம் மாடி எடுத்துக்குதே, அதையும் கழிச்சுக்குங்க."

நாலாம் மாடிக்காரர்கள் திடீரென்று கூரையைப் பார்த்தார்கள். கிரோ பத்திரிகையை நாலாக மடித்தார்.

"தொகையும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் வீட்டுல எல்லா ஹீட்டரையும் மூடுறேன். இனிமே தரையத் தடவிப் பாரு."

மூடினார். மூன்றாம் நாள் படிக்கட்டில் பார்த்தபோது முகத்தில் ஒரு புதுக் களை. "ஒண்ணும் பெரிய குளிரில்ல. பதினாறு இருக்கு," என்றார். இருக்காதா பின்னே, கீழே அஸ்பாரூவின் வீட்டில் எல்லா ஹீட்டரும் திறந்திருக்கிறது. இது அஸ்பாரூவின் காதுக்குப் போனது. "அப்ப நான்தான் இளிச்சவாயனா?" என்று அவரும் மூடினார். அவர் மூடியதும் எதிர்வீடு, எதிர்வீட்டைப் பார்த்து அதற்கு மேல்வீடு. ஒவ்வொருவரும் அடுத்தவரின் சூட்டில் வாழ்ந்து பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் அடுத்தவர் என்று யாருமே மிஞ்சவில்லை. குழந்தை இருப்பதால் தெசிஸ்லாவா மட்டும் ஒரு அறையைத் திறந்து வைத்திருந்தாள். நான் படுக்கையறை ஹீட்டரை மூன்று வருடம் முன்பே மூடியவன். ஐந்தாம் மாடி ஆசாமியின் புண்ணியத்தில் அங்கே தூங்கி, என் உடம்பே இயல்பாகச் சூடானது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வெளியே குளிர் பூஜ்யத்துக்குப் பன்னிரண்டு டிகிரி கீழே போனது. ஜனங்கள் வீட்டுக்குள் ஓவர்கோட்டோடு உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். யார் திருட்டுத்தனமாகத் திறந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க, எல்லாரும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். நோயாளி இல்லாத வைத்தியர்கள் பதினெட்டு வீட்டிலும் நாடி பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

வெலிச்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உப்பைத் திருப்பிக் கொடுத்தேன். தெர்மாமீட்டர் பதின்மூன்று காட்டியது. கம்பளிக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் போர்வை. நாற்காலி ஊர் சுற்றுவதை நிறுத்திவிட்டு தெசிஸ்லாவாவின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஹீட்டரின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"திறந்துட்டீங்களா அக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. பாதி."

கேட்க வேண்டிய அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். நான் கேட்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். கிரோ. கம்பளித் தொப்பி காது வரை இறங்கியிருந்தது.

"சும்மாதான். குழாய் எங்கயாவது ஒழுகுதான்னு பாக்க வந்தேன்."

"பாருங்க அண்ணே. உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்துச்சு குழாய்."

அவர் குழாயைப் பார்க்கவில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தார், பாதி திறந்த ஹீட்டரைப் பார்த்தார். ஜெயித்த முகத்தோடு திரும்பியவர் கண்ணில் மேஜை மேலிருந்த மாத்திரை அட்டை பட்டது. ஒவ்வொரு மாத்திரைக்கும் கிழமை அச்சிட்ட அட்டை. அதே மாத்திரையைத்தான் அவரும் போடுகிறார். எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"இன்னிக்கு வியாழன். செவ்வாய்க்கிழமை மாத்திரை இங்கயே இருக்கு."

"இருக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமையும் இருக்கு."

"அதுக்கும் ஹீட்டருக்கும் ஒரு உடன்பாடு பண்ணியிருக்கேன். ஒரு நாள் அது, ஒரு நாள் இது. மார்ச்சு வரைக்கும் ஓட்டிடலாம்."

"டாக்டர் என்ன சொன்னான்?"

"டாக்டர் வீட்டுல இருபத்திரண்டு இருக்கும் அண்ணே. அவரு தினமும் போடச் சொல்லுவாரு."

கிரோ அட்டையை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தார். தொப்பியைச் சரி செய்தார்.

"குழாய் ஒழுகல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மன்னிப்பு எந்தப் பையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். குழாயில் முதலில் ஒரு டக். பிறகு இரண்டு. தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடும் சத்தம். வெலிச்கா எழுந்து போய், போர்வையோடு சமையலறைத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"சமையலறை. அப்புறம் ஹாலு," என்றாள். "முழுசாத் திறந்திருக்காரு. மனுசனுக்குப் பாதின்னு ஒண்ணு தெரியாது."

எழுந்து வந்து தன் ஹீட்டரை இறுக மூடினாள். வியாழக்கிழமை மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, தண்ணீர் ஊற்றி விழுங்கினாள்.

மறுநாள் கிரோவிடம் கேட்டேன். "முழங்கால் வலி," என்றார். "சுரங்கத்துல கெடுத்துக்கிட்டது. யாருக்காகவும் திறக்கல. இதையும் எழுதிடாத." அவர் திறந்து மூன்று நாள் கழித்து அஸ்பாரூ திறந்தார், மனைவி திட்டியதால். மற்றவர்களும் ஆளுக்கொரு வியாதியைக் காரணம் சொல்லித் திறந்தார்கள். நான் படுக்கையறை ஹீட்டரைத் திறந்தேன். ஐந்தாம் மாடிக்காரரிடம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கிரோ மட்டும் திறந்திருந்த முதல் மூன்று நாளில் வெலிச்காவின் வீடு பதின்மூன்றிலிருந்து பதினாலரைக்கு ஏறியிருந்தது. அதற்கு மேல் ஏறியது பொதுச் சூடு, எல்லாருடையதும். அதற்கு அவள் பொறுப்பில்லை. ஆனால் அந்த ஒன்றரை டிகிரி கிரோவுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. செப்டம்பரில் கிண்டி வைத்த சிவப்பு மிளகாய்த் தொக்கில் ஒரு பெரிய பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நான் படியில் இருந்தேன்.

"என்ன இது?"

"ஒன்றரை டிகிரிக்கு."

"எந்த ஒன்றரை? நான் என் முழங்காலுக்குத் திறந்தேன். உன் டிகிரி எனக்குத் தெரியாது."

"உங்க முழங்கால் என் தரை வரைக்கும் நீண்டுருச்சே."

"மிளகா எனக்கு ஒத்துக்காது."

"இதுல காரம் கிடையாது. இந்த ஊருலயே யாரும் காரமாப் போடறதில்ல."

"இதை வாங்கினா நான் சூட்டை வித்ததா ஆயிடும். நான் வியாபாரி இல்ல."

"வாங்கலன்னா நான் திருடினதா ஆயிடும். நானும் அது இல்ல."

கதவு சாத்திக்கொண்டது. பாட்டில் வாசலில் இருந்தது. சாயங்காலம் அது மூன்றாம் மாடியில், அவள் கதவடியில் இருந்தது. காலையில் மறுபடி இரண்டாம் மாடி. அஸ்பாரூ பஞ்சாயத்து பண்ணித் தருவதாகவும், தீர்ப்பு வரும்வரை பாட்டில் தன் பொறுப்பில் இருக்கட்டும் என்றும் சொன்னார். ரொட்டியோடு வந்து சொன்னதால் இருவருமே ஒத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் ஊருக்கே சூட்டை நிறுத்திவிட்டார்கள். பாட்டில் இப்போது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, திருப்பத்து ஜன்னல் விளிம்பில் நிற்கிறது. கிரோ அதைத் தாண்டும்போது வெளியே ஏதோ பார்க்கிறார். சனிக்கிழமை படி துடைக்கும்போது வெலிச்கா அதைத் தூக்கி, அடியிலுள்ள தூசியைத் துடைத்து, மூடியையும் ஒரு துடை துடைத்துவிட்டு அதே இடத்தில் வைக்கிறாள்.