'வேஸ்ட்' என்று பெயர் வைத்த ஃபோல்டர்

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. கல்யாணங்களைப் படம் பிடிப்பது என் கணவர்; எடிட்டிங் நான். புதிதாக இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றில் எழுதுவது அப்போதே மற்றதிலும் பதிவாகும்படி நானே அமைத்தேன். வேகத்துக்குத் தனியாக ஒரு எஸ்.எஸ்.டி. இனி எதுவும் தொலையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஆனால் அந்த இரட்டை டிஸ்க்கில் ஏற்றியது நல்ல ஷாட்டுகளை மட்டும்தான். கழித்துக்கட்டியவை 'வேஸ்ட்' என்ற பெயரில் பழைய டிஸ்க்கிலேயே கிடந்தன. அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் விவேக் நகரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். போன வருடம் அவள் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். அப்பா இறந்து பத்து நாள் ஆகிறதாம்.

"அப்பா இருக்கறது எல்லாம் வேணும்க்கா. அவர் பேசறது இருந்தா போதும்."

அதற்கென்ன, தருகிறேன் என்றேன். தேடினால், நல்ல ஷாட்டுகளில் அவர் இரண்டே இடத்தில் இருந்தார். இரண்டிலும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை பழைய டிஸ்க்கை இணைத்தேன். உள்ளே டக், டக் என்று தட்டியது. சாகப்போகிற டிஸ்க்கின் சத்தம் அது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரமில்லை. சாப்பாட்டு ஹாலில் எடுத்தவற்றை முதலில் இரட்டை டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டேன். பெண்ணைப் பெற்றவர் வேறெங்கே நின்றிருப்பார்?

பாதியில் என் கணவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கேமரா, லைட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று, கம்ப்யூட்டர்தான் பாக்கி. வருடா வருடம் அன்றைக்கு அதை அணைத்து வைப்பது எங்கள் வழக்கம். அணைக்கச் சொன்னார்.

"இப்ப நிறுத்தினா இது திரும்ப சுத்தாது. ஓடறப்பவே வைங்க."

அவர், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். தெருவில் யாரோ ஆட்டோவுக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். டிஸ்க்தான் போயிற்று என்று எனக்கு உயிரே போய்விட்டது.

ஏழாவது ஃபைலில் நிஜமாகவே போயிற்று. தட்டல் நின்றது, திரையில் அந்த டிஸ்க்கே காணோம். மறுபடி இணைத்துப் பார்த்தும் அசையவில்லை. வந்து சேர்ந்திருந்த ஆறையும் திறந்தேன்.

முதல் ஐந்தில் அவர் இல்லை. ஆறாவதில் இருந்தார். பந்தி வாசலில் வேர்த்து விறுவிறுத்து ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவர், கேமராவைப் பார்த்ததும் கையை வீசினார்.

"என்னை எதுக்குப்பா எடுக்கற? அந்தப் பக்கம் போய் பொண்ண எடு."

என் கணவர் நகராமல் இன்னும் கொஞ்ச நேரம் அவரையே எடுத்திருந்தார். அந்த அப்பாவின் பேச்சைக் கேட்டு, அவரைக் கழித்துவிட்டுப் பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டவள் நான்தான்.