பின்பக்க ஷட்டர்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி இருக்கும் ஒரு பாக்கெட் உப்பு ஆலையில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். பேக்கிங் ஹாலுக்குள் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வெளியே எந்நேரமும் கடற்காற்று. அது உள்ளே வந்தால் பொடி உப்பு கசிந்து, பேக்கிங் மெஷினின் வாயில் கட்டிதட்டி நின்றுவிடும். அதனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பெரிய மெஷின் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். சுவரில் இருக்கும் ஈரப்பத மீட்டர் ஐம்பதைத் தாண்டக் கூடாது.

அந்த வாரம் மதியமானால் மீட்டர் ஏறத் தொடங்கியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். கதவு ரப்பரை விரலால் தடவிப் பார்த்தேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன், எழுபதை நெருங்கியிருந்தது.

"சார், மறுபடியும் அடைச்சிக்கிச்சு!" என்று ஆபரேட்டர் கத்தினார்.

அட்டைப்பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் போனபோது காலில் காற்று பட்டது. பின்பக்க ஷட்டரை ஒரு சாண் தூக்கி, அடியில் செங்கல் கொடுத்திருந்தார்கள். அந்த இடைவெளிப் பக்கம் முகத்தைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார், கூனிமேட்டிலிருந்து பேக்கிங் வேலைக்கு வரும் அக்கா.

"என்னாக்கா இது? யாரு தூக்குனது?"

"நான்தான் சார்." குரலே எழும்பவில்லை. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. "நோன்பு வச்சிருக்கேன். உள்ள இருக்குற காத்து தொண்டைய அறுக்குது. தண்ணியும் குடிக்க முடியாது. இங்க வந்து உக்காந்தா கொஞ்சம் எச்சில் ஊறுது."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, நோன்பு முடியிற வரைக்கும் வீட்லயே இருன்னுடுவீங்க."

ஷட்டரை இறக்கிவிட்டு நேராக மேனேஜரிடம் போனேன். வெளியே மூட்டை தைக்கும் ஷெட்டுக்கு அக்காவை மாற்றச் சொன்னேன்.

"ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்கப்பா."

"கேக்கட்டும் சார். அந்த ஹால்ல தண்ணி குடிக்காம ஒரு மதியம் நின்னு பாருங்க."

அவர் ஷிப்ட் நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, "சரி, நோன்பு முடியிற வரைக்கும்" என்றார்.

மறுநாள் மெஷின் அடைக்கவில்லை. ஆனாலும் மதியம் மீட்டருக்கும் ஷெட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அக்கா ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"மீட்டர் எவ்ளோ சார்?"

"நாப்பத்தெட்டு."

"அப்புறம் ஏன் சார் இப்படி அலையிறீங்க? போய்ச் சாப்பிடுங்க."

சாப்பிடப் போனேன். போகிற வழியில் பின்பக்க ஷட்டரை ஒருமுறை காலால் அழுத்திப் பார்த்தேன்.