வெய்யோ விட்டுவைத்த பனி

வெய்யோவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பெஞ்சு என்பது பேருக்குத்தான். அவன் அதில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீச்சர் மூன்று மாதம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பைச் சூடாக்கும் அடுப்புக்கு விறகு போடும் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டார். வெளியே மைனஸ் இருபது. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது.

இப்போது எங்களுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருஷம் அவன் தபால் வண்டி ஓட்டினான். எஞ்சினை அணைக்காமல், சன்னல் வழியாகவே கையை நீட்டிக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் பறந்துவிடுவான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் விடிகாலையில் இல்லாத வண்டிக்குச் சாவி தேடினானாம். அவன் மனைவி சைமி எனக்கு போன் செய்தாள்.

"ஹெல்வி, இந்த ஆளை எங்கயாவது கட்டிப் போடணும். நாலு நாளா வீட்டுக்குள்ள நடந்து நடந்து என் பாயெல்லாம் தேஞ்சு போச்சு."

கட்டிப் போடவில்லை. அவர்களிடம் இருந்த பழைய சிவப்பு டிராக்டருக்கு ஒரு பின்பிளேடு வாங்கிக் கொடுத்தாள். டிராக்டரின் முதுகில் மாட்டும் வளைந்த இரும்புத் தகடு அது. கொட்டகைக் கதவு வரை வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிப் போய்த் தகட்டை இறக்கி, முன்னால் ஓட்டினால் பனி கூடவே இழுபட்டு வரும். கம்பி ஒன்றை உருவித் தகட்டைச் சாய்த்து வைத்தால், பனி ஓரமாக உருண்டு விழும். ஓட்டுகிறவன் முன்னாலும் பார்க்க வேண்டும், பின்னாலும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கண்ணை வைக்கத் தெரியாத வெய்யோவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு என்ன கிடைக்கும்? அவன் கழுத்து வலப்பக்கமாகவே திரும்பிவிட்டது. தேவாலயத்தில் பின்வரிசைக்காரர்கள் அவன் தங்களை முறைப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஐந்து வீட்டு முற்றம் அவன் கணக்கு. என்னுடையது கடைசி. பூப்போலக் கொஞ்சம் பனி விழுந்தால் போதும், சிவப்பு டிராக்டர் வந்துவிடும். முடித்துவிட்டு என் சமையலறைக்கு வந்து, நின்றபடியே ஒரு காப்பி, ஏலக்காய் பன்னில் பாதி. இந்தப் பக்கத்தில் இரண்டாவது கோப்பை குடிக்காமல் எழுந்துவிட்டால் வீட்டுக்காரிக்கு முகம் கோணும். வெய்யோவுக்கு மட்டும் ஊரே அதில் விலக்குக் கொடுத்திருந்தது.

நான் தனியாள். அப்பா விட்டுப்போன பண்ணை, பத்தொன்பது மாடுகள். அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முற்றத்துப் பனியை எல்லாம் கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே நீளமாகக் குவிக்க வேண்டும், வேறெங்கும் போடக் கூடாது. ஏன் என்று கேட்டால் "அங்கதான் போடணும்" என்பார். அவ்வளவுதான் பதில். அவர் போன பிறகும் வெய்யோ அங்கேதான் குவித்தான்.

போன டிசம்பரில் பால் எடுக்கப் புதிய லாரி வந்தது. பழையதைவிட நீளம். ஓட்டுநர் திரும்ப இடமில்லாமல் முற்றத்தில் முன்னும் பின்னும் முக்கால் மணி நேரம் அல்லாடினார். எனக்கு எரிச்சல். அன்றைக்கே வெய்யோவிடம் சொன்னேன்.

"அந்தக் குவியலை மொத்தமா எடுத்துடு. தரை தெரியணும்."

"உங்கப்பா எந்திரிச்சு வந்து அடிப்பாரு."

"வந்தா நான் பேசிக்கிறேன். நீ எடு."

அவனுக்கு அது திருவிழா. இரண்டு நாளில் குவியல் காணோம். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் சரளைக்கல் தெரிகிற மாதிரி வழித்து வைத்தான். அடுக்களை மேசை மாதிரி இருந்தது முற்றம். நானும் மெச்சிக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் குளிர் மைனஸ் முப்பத்து நாலுக்கு இறங்கியது. ஒரு காலை கொட்டகைக்குள் போனால், மாடுகள் தண்ணீர்க் கிண்ணத்தை மூக்கால் அழுத்தி அழுத்தி விடுகின்றன. டக், டக் என்ற சத்தம் மட்டும் வருகிறது, தண்ணீர் வரவில்லை. பத்தொன்பதும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. பூமிக்கடியில் எங்கேயோ குழாய் உறைந்துவிட்டது. வீட்டுக்கும் அதே குழாய்தான்.

பால் கறக்கும் மாடு ஒன்று நாளைக்கு நூறு லிட்டர் குடிக்கும். எங்களுடையது ஆழ்துளைக் கிணறு, வாளி இறங்காது. வெய்யோ டிராக்டரில் பீப்பாய்களை ஏற்றி, ஏரியில் பனிக்கட்டியை உடைத்து, பகல் முழுக்கத் தண்ணீர் கொண்டுவந்தான். அரைத் தாகம்கூட அடங்கவில்லை. சனிக்கிழமைக்குள் குழாய் திறக்காவிட்டால் மாடுகளைப் பக்கத்து ஊர்ப் பண்ணைக்கு ஏற்றிவிட வேண்டியதுதான் என்று பேசி வைத்தேன். ஏற்றினால் திரும்பிக் கொண்டுவர எனக்குத் தெம்பிருக்காது. அது எனக்குத் தெரியும். கொட்டகை காலியானால் காலையில் எதற்கு எழுந்திருப்பது?

வியாழக்கிழமை ரெய்னே வந்தான். உறைந்த குழாய்க்குள் மெல்லிய ஹோஸைச் செலுத்தி, வெந்நீர் விட்டு உருக்குகிறவன். முற்றத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"குழாய் இதுக்கு அடியிலதானே போகுது?"

"ஆமா."

"மேல பனி கிடந்தா போர்வை மாதிரி. மண்ணுக்குள்ள குளிர் இறங்காது. இங்க போர்வையை உருவிட்டீங்களே. யாரு இவ்வளவு சுத்தமா வழிச்சது?"

அப்பாவின் பிடிவாதம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூடவே நான் டிசம்பரில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"நான்தான்," என்றான் வெய்யோ.

மூன்று நாள் தூக்கமில்லாத வாய், திறந்துகொண்டது.

"ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியுமா உனக்கு? பறக்காவெட்டி மாதிரி கண்ட இடத்தையும் சுரண்டி, என் மாடுகளைக் கொல்லப் பாத்தியே. ஊருக்கு உழைக்கிறானாம் ஊருக்கு. உன்னை யாரு கேட்டா?"

ரெய்னே ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெய்யோ தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு "சரி" என்றான். யார் கேட்டது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர் வந்தது. மாடுகள் குடித்த சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கொட்டகைக் குழாய் ஒன்றை வசந்தம் வரை சன்னமாக ஓட விடச் சொன்னான் ரெய்னே. மேலே பனியைப் போட்டு மூடவும் சொன்னான்.

அதை வெய்யோதான் செய்தான். காட்டோரத்தில் தானே ஒதுக்கித் தள்ளியிருந்த பனியை எல்லாம் திரும்ப இழுத்து வந்தான். சக்கரம் ஏறினால் பனி இறுகிவிடும், இறுகினால் போர்வை ஆகாது. அதனால் தகட்டைச் சாய்த்து, பக்கத்திலேயே ஓட்டி, ஓரமாக உருட்டி உருட்டி விட்டான். கிணற்றிலிருந்து கொட்டகை வரை இடுப்புயரம். சுற்றிலும் சிவப்புக் குச்சிகளை நட்டான். பனியில் பாதை தெரிய நடுகிற குச்சிகள்தான். இங்கே அவனை அவனே தடுத்துக்கொள்ள நட்டது. லாரி திரும்ப, கொட்டகைக்குப் பின்னால் வேறு இடம் வழித்துக் கொடுத்தான்.

அதற்கப்புறமும் தினம் வந்தான். காப்பிக்கு உள்ளே வரவில்லை. வாசலில் நின்று "தண்ணி வருதா?" என்பான். "வருது" என்பேன். போய்விடுவான். என் தப்பை அவனிடம் நேரே சொல்லாமல் சைமியிடம் போனில் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கோழைத்தனம்.

பத்தாவது நாள் காலை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெய்யோ மற்ற இடமெல்லாம் வழித்து முடித்துவிட்டு, குச்சிகளுக்கு அருகே டிராக்டரை நிறுத்தியிருந்தான். மேடு வளர்ந்துகொண்டே போனது. அவன் கை தகட்டை இறக்கும் பிடிமேலேயே இருந்தது. நான் வெளியே போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"உள்ள வா. தண்ணி வருதா இல்லையான்னு நீயே கேளு."

சமையலறைக்கு வந்தான். குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் விழும் சத்தத்தை நின்றபடியே கேட்டான். நான் அவனைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அந்தக் குவியலை எடுக்கச் சொன்னது நான்தான், வெய்யோ."

"தெரியும்."

"அப்புறம் ஏன் ரெய்னே முன்னாடி வாயை மூடிக்கிட்டிருந்த?"

சன்னல் வழியே தன் மேட்டைப் பார்த்தான்.

"மாடு கத்திக்கிட்டிருந்துச்சு. நீயும் கத்திக்கிட்டிருந்த. உனக்கு அன்னைக்கு யாரையாவது திட்டியாகணும். பக்கத்துல நான்தான் இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு ரெய்னேவுக்கு போன் போட்டேன். குழாய்மேல் பனியை எடுக்கச் சொன்னது நான்தான், வெய்யோ இல்லை என்று அவன் எதிரிலேயே சொன்னேன். எதற்கு இதைச் சொல்கிறேன் என்றே ரெய்னேவுக்கு விளங்கவில்லை. சரி சரி என்று வைத்துவிட்டான்.

திரும்பிப் பார்த்தால் வெய்யோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. கோப்பையைக் காலி செய்துவிட்டு என் பக்கம் நகர்த்தினான்.

"இன்னொண்ணு ஊத்து," என்றான்.