பெரியப்பா பெயரில் ஒரு பதக்கம்

அப்பாவின் முதல் திவசத்துக்கு, நாங்கள் குடியிருக்கும் தோட்டத்துக் காம்பராவுக்கு வெள்ளையடிக்கலாம் என்று சாமிப் படங்களை இறக்கியபோதுதான் அந்தப் பதக்கம் கீழே விழுந்தது. முருகன் படத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவில் யாரோ செருகி வைத்திருக்கிறார்கள். ரப்பர்த் தோட்டங்களுக்கிடையே நடந்த பால்வெட்டுப் போட்டியில் முதலாவதாக வந்தவருக்குக் கொடுத்தது என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. கீழே வருடம், அதற்கும் கீழே பெயர். அப்பாவின் பெயர் அல்ல. அவருடைய அண்ணனின் பெயர்.

அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவோம் என்றான் தம்பி. அடுத்தவர் பெயர் போட்டதை மாட்டினால் வருகிற சனம் சிரிக்காதா என்றேன். அம்மா மட்டும், "இருந்த எடத்துலயே வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. பெரியம்மா மாசமாக இருக்கும்போதே அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார், திரும்பவில்லை, பெரியம்மா அரநாயக்கப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வீட்டில் பேசுவது இவ்வளவுதான். அங்கே ஒரு பிள்ளை இருந்தால் பதக்கம் அந்தப் பிள்ளைக்குத்தானே சேர வேண்டும்? என் புத்தி இப்படித்தான். யாரும் கேட்காத சுமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு கழுத்து வலிக்கிறது என்று புலம்புவேன்.

அப்பாவின் பெட்டியில் கிடந்த பழைய அரிசிக் கூப்பன் புத்தகத்தில் பெரியம்மாவின் பெயர் இருந்தது. அதை வைத்துப் பிறப்புப் பதிவைத் தேடித் தரச் சொல்லிக் கேகாலைப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். "மிஸ், லபன சதியே எண்ட" என்று சிங்களத்தில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் போனால் அதற்கு அடுத்த வாரம். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பி, முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். விட்டுத் தொலைப்போம் என்று நினைத்த நேரத்தில் பதிவு அகப்பட்டது. பெண் பிள்ளை. பிறந்த தோட்டத்தின் பெயரும் இருந்தது. அங்கே போய் விசாரித்தால், மண்சரிவுக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றைக் கைகாட்டினார்கள்.

என்னைவிட மூத்தவர், அக்கா. முன்பின் பார்க்காதவள் வந்து நிற்கிறேனே என்ற தயக்கம் இல்லாமல் பாய் விரித்து உட்கார வைத்தார். நான் யார், எந்தத் தோட்டம் என்று சொல்லிப் பதக்கத்தைக் கையில் கொடுத்தேன். பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வருடத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"தங்கச்சி, நான் பொறக்கிறதுக்கு முந்தியே எங்கப்பா இந்தியாவுக்குப் போயிட்டாருன்னுதான் அம்மா சொல்லிச்சு. இதுல போட்டிருக்கிறது எனக்கு ஏழு வயசான வருஷம்ல?"

நான் கணக்குப் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், அந்த வருடத்தையும் பிறப்புப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"அப்ப இங்கதான் இருந்திருக்காரு. ஒரு பஸ் ஏறுனா வர்ற தூரம். ஏழு வருஷமா என்னை வந்து பாக்க மனசு வரலையா அந்த ஆளுக்கு?"

பதக்கத்தை என் பைக்குள் போட்டு, "இத எடுத்துட்டுப் போயிரு" என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். வருகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். முதலில் அடுப்படியை விட்டு வரவில்லை. அந்த அக்கா சொன்னதைச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"அவரு எங்கடி இங்க இருந்தாரு? போனவரு போனவருதான். தோட்டத்துப் பதிவுல அவரு பேர வெட்டிட்டாங்கன்னா காம்பராவும் போயிரும். ஒங்கப்பாவுக்குத் தனியாப் பேரு பதிய மாட்டேன்னுட்டாங்க. அதான் அண்ணன் பேருலயே வேலைக்குப் போனாரு. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல அந்தப் பேரக் கூப்பிட்டா இவருதான் 'ஐயா'ன்னு சொல்லுவாரு. கங்காணிக்குத் தெரியும். வேற யாருகிட்டயும் மூச்சு விடல. போட்டிக்கும் போக மாட்டேன்னாரு, தொரை விடல. மெடல வாங்கிட்டு வந்த அன்னிக்கு ஒரு வாய்ச் சோறு திங்கல."

ஆக, பால் வெட்டி ஜெயித்தது அப்பாவின் கை. எனக்கு அழுகை வந்தது. அத்தனை காலமும் பக்கத்தில் இருந்த மனிதர், ஒரு தடவைகூட இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை.

"பெரியப்பாவ அப்பா தேடலையா?" என்று கேட்டேன்.

"தேடுறதா? அவரு திரும்பி வந்துட்டா நம்ம கதி என்னன்னு பயந்துகிட்டுக் கெடந்தோம். வெளிய நாய் கொலைச்சாப் போதும், அண்ணன்தான் வந்துட்டாரோன்னு ஒங்கப்பா எந்திரிச்சு ஒக்காருவாரு."

மறுபடியும் பஸ். மறுபடியும் அக்கா வீட்டுக்கு ஏறுகிற மேடு. எனக்கு உடம்பில் தெம்பே இல்லை. ஆனாலும் பெற்ற தகப்பன் பக்கத்தில் இருந்துகொண்டே வரவில்லை என்று அந்த மனுஷி நம்பிக்கொண்டிருக்கும்போது எனக்கு எப்படித் தூக்கம் வரும்? பெயரையும் பெரட்டையும் காம்பராவையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்.

"அப்ப அவரு இங்க இல்ல. இல்லதானே?"

"இல்லக்கா."

"இருந்திருந்தா வந்திருப்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் பதக்கத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். உழைத்தது அப்பாவாக இருந்தாலும் பெயர் உங்கள் அப்பாவுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு மனம் வலித்தது. ஆனாலும் மனதாரத்தான் சொன்னேன்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நானும் அம்மாவும் வாசல்ல சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் பாப்போம் தங்கச்சி. சித்தப்பாவும் எங்கப்பாவத் தேடியிருப்பாருல்ல?"

நாய் குலைத்தால் அப்பா எழுந்து உட்காருவார் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"தேடினாருக்கா. ரொம்பத் தேடினாரு."

அவர் முகம் தெளிந்தது. சேலைத் தலைப்பால் பதக்கத்தைத் துடைத்து, என் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அப்ப இது சித்தப்பாவுக்குத்தான் சேரணும். அண்ணன் வர்ற வரைக்கும் அவரு பேர அழிய விடாமக் காப்பாத்தி வெச்சிருக்காரு. இத நான் வாங்கினா பாவம் பிடிக்கும்."

தேடினார் என்று சொன்ன வாயால் வேண்டாம் அக்கா என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன்.