மூடச் சொல்லி நான் ஜெபித்த வாய்

சபையார் எல்லோருக்கும் வந்தனம். போன மாம்பழ சீசனில் என் தாடை உடைந்தது உங்களுக்குத் தெரியும். நான் பேசாமலிருந்த நாட்களில் கமிட்டிக் கூட்டங்கள் சீக்கிரமே முடிந்தனவாம். கேள்விப்பட்டேன்.

போச்சம்பள்ளி ரோட்டில் குறுக்கே வந்த மாட்டுக்கு வழிவிட்டு, வண்டியோடு விழுந்தேன். ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாடையைக் கம்பியால் கட்டினார்கள். வலது கையில் மாவுக்கட்டு, பலகையோடு கட்டிய இடது கையில் டிரிப்ஸ், கழுத்தில் பட்டை. தொண்டையிலிருந்து "ம்ம்" மட்டும் வரும். ஓய்வு பெறும்வரை கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான். எல்லா விதியும் தெரியும். ஒன்றையும் சொல்ல முடியாது.

பக்கத்துக் கட்டிலில் சாமல்பட்டி விவசாயி முனியப்பன். சர்க்கரை நோய், காலில் புண். அவர் மனைவி சின்னத்தாயி விடிந்தது முதல் பேசுவார். மருமகளில் தொடங்கி தக்காளி விலைக்குப் போய், மறுபடி மருமகளுக்கே வருவார். "ஆண்டவரே, இந்த அம்மாவின் வாயைக் கொஞ்சம் மூடும்" என்று ஒரு காலையில் முறைப்படி, உருக்கமாக ஜெபித்தேன்.

சற்று நேரத்தில் அவர் என் மனைவியிடம், "காத்தே வரலக்கா. எங்க ஊட்டுக்காரருக்கு அந்த ஃபேன் கட்டிலக் குடுங்களேன்" என்றார். என் மனைவி தாராள மனசுக்காரி. ரயிலில் பெர்த் மாற்றிக்கொள்வதுபோல, ஆயாவைக் கூப்பிட்டு இரண்டு கிழவர்களையும் இடம் மாற்றினார்கள். நர்ஸிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வார்டில் கட்டில் எண்தான் ஆளுக்கு அடையாளம். என் கையிலிருந்த பெயர்ப்பட்டையை மாவுக்கட்டு போடும்போதே வெட்டியிருந்தார்கள்.

மதியம் ஷிஃப்ட் மாறியது. மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். புதிதாக வந்த நர்ஸ் ஊசியோடு என்னிடம் வந்தாள்.

"முனியப்பன் தாத்தாதானே? சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின்."

எனக்குச் சர்க்கரை நோயே இல்லை. கை ஆபரேஷனுக்காக அன்று பட்டினி வேறு. அந்த ஊசி ஏறினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். "ம்ம்! ம்ம்!" என்றேன்.

"சின்ன ஊசிதான் தாத்தா. பயப்படாதீங்க."

காலை உதைத்தேன். குளிர்கிறதென்று போர்வையை இழுத்துவிட்டாள். வயிற்றில் ஸ்பிரிட் பஞ்சு சில்லென்று பட்டது. என் உடம்புக்குள்ளேயே என்னைப் பூட்டி வைத்த மாதிரி இருந்தது.

ஜெபத்திலும் நான் முறை தவறாதவன். முதலில் ஸ்தோத்திரம், பிறகு பாவ அறிக்கை, கடைசியில் விண்ணப்பம். அன்று எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, யாராவது" என்றேன். அவ்வளவுதான்.

"ஏம்மா! அது எங்க ஊட்டுக்காரரு ஊசி! அவருக்கு எதுக்குப் போடற? நாங்க வாங்கியாந்தது!"

சின்னத்தாயிதான். ஊசியை நான் தட்டிப் பறிக்கிறேன் என்று கோபம்.

நர்ஸின் கை நின்றது. "அப்போ இவர் யாரு?"

"வாயில கம்பி தெரியல? பாவம், காலையிலருந்து எம் பேச்சத்தான் கேட்டுனு கெடக்கறாரு."

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூட எனக்குக் கையில்லை. சின்னத்தாயி தன் முந்தானையால் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மருமகளைத் தொடர்ந்தார். அன்று முழுக்கதையையும் கேட்டேன்.

குணமானதும் நடந்ததை நிர்வாகத்திடம் சொன்னேன். அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம், முறையை மாற்றுங்கள் என்றேன். இப்போது பெயர் பார்க்காமல் அங்கே ஊசி போடுவதில்லை.

பிரியமானவர்களே, ஆஸ்பத்திரியில் ஊசியோ மாத்திரையோ வந்தால் யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். அது விசுவாசக் குறைவல்ல. கேட்க வாயில்லாத நிலை வந்தால், அப்போதும் கர்த்தரை நம்புங்கள். முறையில்லாத என் அரை ஜெபத்தைக் கேட்டார். முறையாக நான் செய்த காலை ஜெபத்தைக் கேட்காமல் விட்டார். இரண்டுக்கும் அவருக்கே ஸ்தோத்திரம்.