கால்மணி அக்காவின் டைமர்

எங்கள் ஸ்கேன் சென்டரில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் கால்மணி அக்கா. மற்றவர்களை நினைத்தாலே குமட்டுகிறது. அங்கே ரிப்போர்ட் டைப் அடிக்கும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்கா பதினெட்டு வருடமாக ஸ்கேன் எடுப்பவர். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி என்று யாராவது வந்துவிட்டால், அப்புறம் அவர் யார் பேச்சையும் கேட்கமாட்டார். முதலில் வெறும் படம். பிறகு நரம்பில் மருந்து ஏற்றி ஒரு படம். கால்மணி நேரம் காத்திருந்து இன்னொரு படம். அதற்குள் மருந்து கட்டியைவிட்டு நன்றாக வடிந்துவிட்டால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி. வடியாமல் நின்றால் புற்றாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்காகவே வீட்டுச் சமையலறை டைமரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

மேனேஜருக்கு அந்த டைமரைக் கண்டாலே ஆகாது. "அந்த நேரத்துல ரெண்டு தலை ஸ்கேன முடிச்சு அனுப்பிடலாமேம்மா" என்பார், தேங்காய் எண்ணுகிற குரலில்.

போன மாதம் அக்கா லீவு போட்ட ஒரு நாள், அட்ரினல் கட்டியோடு வந்த ஒரு பஸ் டிரைவருக்கு மேனேஜரின் மச்சான் ஸ்கேன் எடுத்தான். புற்றுநோய் சந்தேகம் என்று ரிப்போர்ட் போனது. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். சனிக்கிழமை டிரைவர் படத்துக்குக் காப்பி கேட்டு வந்தார். எடுத்துக் கொடுக்கப்போன அக்கா, படத்தின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"மருந்து போட்டது பத்து பன்னெண்டுக்கு. கடைசிப் படம் பத்து பதினெட்டுக்கு. ரிப்போர்ட்ல மட்டும் பதினஞ்சு நிமிஷம்னு எப்படி வந்துச்சு?"

"அது ஃபார்ம்லயே அடிச்சிருக்கும்கா. நான் பேரையும் கட்டியோட அளவையும் மட்டும்தான் மாத்துவேன்."

சொல்லும்போதே எனக்கு வாய் கசந்தது. படம் பார்க்கும் டாக்டர் மூன்று சென்டருக்குப் பார்ப்பவர். அவரும் மூலையைப் பார்க்கவில்லை. ஆறு நிமிடத்தில் மருந்து எப்படி வடியும்?

பேச்சைக் கேட்டு வந்த மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "ரிப்போர்ட் போயாச்சு. இப்பக் கிளறினா நம்ம பேருதான் நாறும்."

"ஏற்கெனவே நாறிட்டுத்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அக்கா டாக்டருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். டிரைவரை உள்ளே கூப்பிட்டார்.

"எதுக்கும்மா மறுபடியும்?"

"போன தடவை நாங்க அவசரப்பட்டுட்டோம்ணே. தப்பு எங்களோடது."

டைமர் மணியடிக்கும்வரை மேனேஜர் கதவருகே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசிப் படத்தில் மருந்து முக்கால்வாசி வடிந்திருந்தது. சாதாரணக் கட்டி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், ஆபரேஷன் ரத்தானது. டிரைவர் கண்கலங்கி மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு பேஷன்ட்தாங்க முக்கியம்" என்று அந்த ஆள் கூசாமல் சொன்னார். எனக்கு அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "மச்சான் எடுத்த பழைய ரிப்போர்ட்டை எல்லாம் எடுங்க."

எடுத்தோம். படத்தின் மூலையில் இருந்த நேரம் ரிப்போர்ட்டோடு இடித்தவை நான்கு. முதல் நம்பருக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுங்க. எடுத்துப் பாத்தா சாதாரணக் கட்டிதானாம், நல்ல வேளை. இன்னும் எழுந்து நடக்கத்தான் முடியல. நீங்க மட்டும் அன்னிக்குப் பாத்துச் சொல்லலைன்னா என்ன ஆயிருக்கும்? ரொம்ப நன்றிங்க."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பரவாயில்லைங்க" என்றேன்.