பழைய சாம்பியனின் கை

மழை பெய்தால் றப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை காயும்வரை ஸ்டோர் வாசலில் காத்திருப்போம். அன்று என் மச்சானும் கங்காணியும் போனில் பழைய குத்துச்சண்டை சாம்பியனையும் இப்போதைய சாம்பியனையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

ஒரு மாதமாக என் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மூன்று மரங்களில் கத்தி ஆழமாக இறங்கிக் காயமாகிவிட்டது. கங்காணி அதையெல்லாம் இன்னும் பார்த்திருக்கவில்லை. பார்த்தால் கத்தியை வாங்கிக்கொண்டு புல் வெட்ட அனுப்பிவிடுவார். கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன்.

"அந்தக் காலத்து ஆளு ஆடி ஆடியே இவன களைக்க வச்சிருவான்" என்றான் மச்சான்.

"போப்பா. இப்ப உள்ளவன் உசரத்தப் பாரு. ஒரே குத்து, பழையவன் படுத்துருவான்."

"குத்து மொதல்ல அவன் மேல படணுமே கங்காணி."

அடுத்து, பழைய சாம்பியன் வயதான பிறகு எடுத்த வீடியோ வந்தது. மேடையில் எல்லோரும் பார்க்க நின்றார். கை உதறிக்கொண்டே இருந்தது.

கங்காணி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணே, ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளு?"

"இவருதான். கைய மறைக்காம நிக்கிறாரே."

என் கையை வெளியே எடுத்து நீட்டினேன். அதுவும் நடுங்கியது.

"எப்ப இருந்து?" என்றார்.

"ஒரு மாசமா. நேத்து மூணு மரத்துல காயம் பட்டுருச்சு. வந்து பாருங்க."

மழை விட்டிருந்தது. கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டு, அந்த மரங்களைக் காட்ட முன்னால் நடந்தேன்.